பேருந்துக் கூரையில் சோலார்: தம்பி எதைப் படிக்கலாம்?

ஐயா, வணக்கம்.

பேருந்துப் பணிமனையில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நகரப் பேருந்தின் கூரையில் சோலார் பேனல் பொருத்தி டீசலை மிச்சப்படுத்தும் வேலைக்குத்தான் போவேன் என்று பிளஸ் டூ முடித்த மகன் பிடிவாதமாக நிற்கிறான். இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி வெறும் கனவு காணவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2022-ல் ஒரு நகரப் பேருந்தின் இணைப்புப் பெட்டிக் கூரையில் சோனோ மோட்டார்ஸ் நிறுவனம் 20 பேனல்களைப் பொருத்தியது. அவற்றின் திறன் 2 கிலோவாட்டுக்கு மேல். நம் ரயில்வேயும் 2017-ல் டெல்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் ஒரு டீசல் ரயிலைத் தொடங்கி வைத்தது. அதில் பெட்டிக்கு 16 பேனல்கள். ஆனால் அந்த மின்சாரம் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான் போகிறது. ரயிலை இழுப்பது டீசல் இன்ஜின்தான்.

இந்த வேறுபாடு தம்பிக்குப் புரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நம் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் 8 யூனிட். மின்சாரப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடவே ஒரு யூனிட்டுக்கு மேல் கேட்கும். ஆகவே கூரை வெயிலை மட்டும் நம்பிப் பேருந்து ஓடாது. டீசல் பேருந்தில் கதை வேறு. இரவில் எல்லா விளக்குகளையும் போட்டால், இன்ஜின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் இறுகி இன்ஜின் முனகுமே, அந்தச் சத்தம் உங்கள் காதுக்குப் பழக்கம். அந்த முனகலுக்கும் டீசல் செலவாகிறது. அந்த மின்சாரத்தைக் கூரைப் பேனல் தந்தால் அந்த டீசல் மிச்சம். இன்ஜினிலும் ஆல்டர்னேட்டரிலும் போகும் இழப்பைக் கழித்தால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம்தான் மிஞ்சும். 8 யூனிட்டும் வீணாகாமல் பயன்பட்டால் நாளுக்கு 4 லிட்டர் மிச்சம். நூறு பேருந்துகளுக்குப் பெருக்கிப் பாருங்கள், சின்னத் தொகை அல்ல.

ஆனால் கூரையில் தூசி படியும், வழியில் புளியமரக் கிளை உரசும், ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே வரிசை முழுவதும் மின்சாரம் குறையும். இவற்றைச் சரிசெய்யத் தெரிந்த ஆளுக்குத்தான் வேலை.

அதனால் சோலார் என்று பெயர் சூட்டிய படிப்பைத் தேடி அலைய வேண்டாம். பெயர் புதிதாக இருக்கும், நான்கு ஆண்டு கழித்து வேலைக்கு எடுப்பவருக்கு அது என்னவென்று விளக்க வேண்டியிருக்கும். பி.இ. மின்னியல் மற்றும் மின்னணுவியல் எடுக்கட்டும். பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் அதற்குள் வந்துவிடும். சோலார் சுணங்கினாலும் மின்சார வாகனம், மின்வாரியம், தொழிற்சாலை என்று கதவுகள் திறந்திருக்கும். வாகனத்தின் மேல்தான் ஆசை என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் உண்டு. போக்குவரத்துக் கழகங்கள் 1984-ல் ஈரோட்டில் தொடங்கிய கல்லூரி இன்று அரசு பொறியியல் கல்லூரி. அங்கே இரண்டு பிரிவுமே உண்டு. கட் ஆஃப் குறைந்தால் மனம் தளர வேண்டாம். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் முடித்தவர்களுக்கு மத்திய அரசின் சூர்யமித்ரா என்ற சோலார் பயிற்சியும் இருக்கிறது.

கடிதத்தில் "எனக்கு என்ன தெரியும், நான் வெறும் வயர்மேன்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை வருத்தியது. தம்பிக்கு இப்போது வேண்டிய முதல் ஆசிரியர் நீங்கள்தான். மேலாளரிடம் அனுமதி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பணிமனைக்கு அழைத்துப் போங்கள். ஆல்டர்னேட்டர் கேபிளில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, முகப்பு விளக்கு, உள் விளக்கு, மின்விசிறி, வைப்பர் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, எத்தனை ஆம்பியர் ஏறுகிறது என்று அவன் கையாலேயே நோட்டில் எழுத வையுங்கள். பின்பு கூரைக்கு ஏற்றி, பேனலுக்கு எவ்வளவு இடம் தேறும் என்று டேப் பிடித்து அளக்கட்டும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். எந்தக் கல்லூரியை மேலே வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.