கரையேறியும் முடியாத நீச்சல்: கேள்வி பதில்

பன்னிரண்டு வருடமாக ட்ரையத்லானில், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டியில், இறங்கிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதி வருடங்கள், நான் போட்டியிடாத நாட்களில், பாதுகாப்புக் கயாக்கில் (துடுப்பு போடும் சின்னப் படகு) உட்கார்ந்து மற்றவர்கள் நீந்துவதையும் பார்த்திருக்கிறேன். "நீச்சலில் நொந்துபோய் மிச்சத்தை எப்படியோ இழுத்து முடித்தவர்கள் கேளுங்கள்" என்று சொன்னது என் தப்புதான். இத்தனை பேர் நொந்திருப்பீர்கள் என்று தெரியாது. நான் டாக்டர் இல்லை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்க்கோழி: அக்கா, முதல் ஒலிம்பிக் தூரம் (1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்). நீச்சல் குளத்தில் 1.5 கி.மீ. 36 நிமிடத்தில் நீந்துவேன். கடலில் முதல் 200 மீட்டரிலேயே மூச்சு முட்டிவிட்டது, ஃப்ரீஸ்டைலே வரவில்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கும் மல்லாந்து மிதப்பதுமாக 52 நிமிடம். சைக்கிளில் 15வது கி.மீ.யில் வாந்தி, ஓட்டத்தில் பாதி நடை. 40 கி.மீ. சைக்கிள் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. எங்கே தப்பு?

பதில்: இரண்டு இடத்தில். ஒன்று தண்ணீரில், இன்னொன்று சைக்கிளில்.

குளிர்ந்த நீர் சட்டென்று தோலில் பட்டால் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும். அப்புறம் மூச்சு தாறுமாறாக ஓடும், நெஞ்சு படபடக்கும். அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும். நாம் என்ன செய்கிறோம்? சரியாக அந்த மூன்று நிமிடத்தில்தான், பக்கத்தில் இருப்பவர்களின் கையும் காலும் முகத்தில் இடிக்க, இருப்பதிலேயே வேகமாக நீந்துகிறோம். மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

கயாக்கிலிருந்து பார்த்தால் இப்படி ஆனவரைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தலை நிமிர்ந்திருக்கும், கால் கீழே போயிருக்கும், கைகள் இல்லாத ஏணியில் ஏறுவது போல முன்னால் தட்டும். நிறையச் சத்தம், ஆனால் ஆள் ஓர் அடி நகரவில்லை. தலையைத் தூக்கத் தூக்கக் கால் மூழ்கும், கால் மூழ்க மூழ்க மூச்சு இன்னும் வாங்கும். அந்த நேரத்தில் மல்லாந்து படுத்தீர்களே, அதுதான் நீங்கள் அன்றைக்குச் செய்த மிகச் சரியான காரியம். அடுத்த முறை, அனுமதித்தால், பத்து நிமிடம் முன்னாலேயே தண்ணீரில் இறங்குங்கள். முகத்தை நனையுங்கள், வெட்சூட்டின் (குளிர் தாங்கவும் மிதக்கவும் உதவும் ரப்பர் உடை) கழுத்து வழியாகக் கொஞ்சம் நீரை உள்ளே விடுங்கள். கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள். முதல் மூன்று நிமிடம் ஒரே வேலைதான்: முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை முழுக்க வெளியே ஊதுவது. மூச்சு முட்டுகிறது என்பவர்களில் பாதிப் பேர் உள்ளே இழுக்க முடியாதவர்கள் இல்லை, வெளியே விட மறந்தவர்கள்.

இனி சைக்கிள். 52 நிமிடம் பதறி நீந்தியதில் கடல் நீரை எவ்வளவு விழுங்கினீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. அதில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு. அதைச் சமாளிக்கக் குடல் உடம்பிலிருந்து நீரை இழுக்கும். ரத்தமோ காலில் இருக்கிறது, வயிற்றுக்கு மிச்சம் கொஞ்சம்தான். அதன் தலையில் டி1-லேயே, அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்திலேயே, ஒரு எனர்ஜி ஜெல்லைப் பிதுக்கிப் போட்டிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். போதாததற்கு, தொலைந்த 16 நிமிடத்தைச் சைக்கிளில் தேடியிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் போகிறவர் 40 கி.மீ.யில் 16 நிமிடம் மிச்சம் பிடிக்க 34-க்கு மேல் போக வேண்டும். காற்றைத் தள்ளுவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 1.9 மடங்கு சக்தி வேண்டும். அது யாரிடம் இருக்கிறது?

முதல் 15 நிமிடம் லேசான கியர், கால் சும்மா சுற்றட்டும். வெறும் தண்ணீர், வாய் வாயாக. உப்பு ஏப்பம் நின்ற பிறகு அரை ஜெல், கூடவே தண்ணீர். தொலைந்த நிமிடத்தைச் சைக்கிளில் தேடாதீர்கள். இதை இன்று எத்தனை முறை சொல்லப்போகிறேனோ.

சுருள்வில்: எந்தக் கம்பெனி வெட்சூட் வாங்கலாம்?

பதில்: உங்கள் கழுத்தை நெரிக்காத கம்பெனி. போட்டுப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் பத்து முறை சுழற்றிப் பார்த்து வாங்குங்கள்.

கூழாங்கல்: 1.5 கி.மீ. போட்டியில் என் வாட்ச் 1.9 காட்டியது. அலையில் மிதவையே தெரியவில்லை. சைக்கிள் ஏறும்போதே கை ஓய்ந்துவிட்டது.

பதில்: நீருக்குள் கை போகும்போதெல்லாம் ஜிபிஎஸ் அறுந்துபோகும், அதனால் 1.9-ஐ அப்படியே நம்ப வேண்டாம். ஆனாலும் கோணலாகத்தான் போயிருக்கிறீர்கள். ஆறு முதல் எட்டு கைவீச்சுக்கு ஒரு முறை, முதலை மாதிரி கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவாருங்கள். மூச்சை அப்போது எடுக்காதீர்கள், பக்கவாட்டில் திரும்பும்போது எடுங்கள். அலை உங்களைத் தூக்கும்போது பாருங்கள். பள்ளத்தில் கிடக்கும்போது பார்த்தால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும். மிதவைக்கு நேர் பின்னால் கரையில் உயரமாக ஏதாவது ஒன்றை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவரை நம்பிப் போவது இரண்டாம் பட்சம், அவரும் உங்களை மாதிரி யாரையோ நம்பித்தான் போகிறார்.

பாதிவழி: வயது 47. கரையேறியதும் விடாத இருமல், துப்பினால் லேசாகச் சிவப்பு கலந்த நுரை. மார்பில் களகளவென்று சத்தம். சைக்கிளில் சின்ன மேட்டிலேயே மூச்சு நின்றுவிடும் போல இருந்தது, ஆனாலும் மெதுவாக முடித்துவிட்டேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் இன்னொரு போட்டி. மூச்சுப் பயிற்சி ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். அடுத்த நீச்சலுக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். நுரை, சிவப்பு, களகள சத்தம், மூன்றையும் இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

நீந்தும்போது நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நிலை உண்டு, சுருக்கமாக சைப் என்பார்கள். இது விழுங்கிய கடல் நீர் இல்லை. உங்கள் ரத்தக் குழாயிலிருந்தே கசியும் நீர். குளிர் நீரும் இறுக்கமான வெட்சூட்டும் கை கால் ரத்தத்தை மார்புக்குத் தள்ளும். அழுத்தம் கூடி நுண்குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். போட்டிக்கு முன் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலும் கூடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடுவதால்தான் ஆட்கள் இதை "தண்ணீர் குடித்துவிட்டேன்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு முறை வந்தவருக்குத் திரும்பவும் வரலாம், சில சமயம் பின்னால் இதயக் கோளாறு ஒளிந்திருக்கும்.

1985 முதல் 2016 வரை அமெரிக்க ட்ரையத்லான்களில் நடந்த மரணங்களையும் இதயம் நின்றுபோனவர்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது 135 பேர் கணக்கில் வந்தார்கள். அதில் 90 பேருக்கு அது நீச்சலில் நடந்தது. லட்சத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவுதான், பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் சிவப்பு நுரையோடு சைக்கிள் ஏறுவது தைரியம் இல்லை. எல்லோருக்கும் சொல்கிறேன்: சிவப்பு நுரை வந்தால் போட்டி அங்கேயே முடிந்தது. மருத்துவக் கூடாரத்துக்கு நடங்கள்.

அரைவேகம்: அக்கா, எனக்கும் முதல் 200 மீட்டரில் மூச்சு முட்டுகிறது, என்ன செய்வது?

பதில்: மேலே, முதல் பதில்.

எல்லைக்கல்: ஒரு சந்தேகம் இல்லை, ஒரு ஆதங்கம். கயாக்கைப் பிடித்துத் தொங்கித் தொங்கி வந்தவர்களுக்கும் அதே பதக்கம். முழுக்க நீந்தியவனுக்கும் அதே பதக்கம். இது நியாயமா?

பதில்: விதி அப்படி. நிற்கும் படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதை வைத்து முன்னால் நகரக் கூடாது. காவலர்கள் உங்களை மீட்க வேண்டி வந்தால்தான் போட்டி முடிந்தது.

எல்லைக்கல்: விதி இருக்கலாம். நீச்சல் என்றால் நீச்சல்தானே?

நீர்க்கோழி: நான் இரண்டு முறை பிடித்தேன் சார். அப்போது நான் முடித்தது செல்லாதா?

எல்லைக்கல்: உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

மேட்டுப்பாதை: பொதுவாகச் சொன்னால் 2016-ல் பிரிட்டன் ட்ரையத்லான் வீரர்களான பிரவுன்லீ சகோதரர்கள் செய்தது மட்டும் சரியா? அண்ணன் தம்பியைத் தாங்கிக்கொண்டு வந்து கோட்டுக்குள் தள்ளிவிட்டதற்கு உலகமே கைதட்டியதே!

பதில்: மெக்ஸிகோவின் கொஸுமெல் போட்டியை இழுத்துவிட்டீர்களா, சரி. வெயிலில் துவண்டு தடுமாறிய தம்பி ஜானியை அண்ணன் அலிஸ்டர் இழுத்துவந்தார். ஹென்றி ஷூமான் இருவரையும் தாண்டி ஜெயித்தார், ஜானி இரண்டாவது, அலிஸ்டர் மூன்றாவது. அன்றைய விதி சக போட்டியாளரின் உதவியை அனுமதித்தது. பிறகு மாற்றிவிட்டார்கள், இன்று அப்படி இழுத்தால் இருவருமே வெளியே. அதற்கும் முன்னால் 1982-ல் ஹவாயில் நடந்த அயர்ன்மேன் என்ற நீண்ட தூர ட்ரையத்லானில் முன்னணியில் வந்த ஜூலி மாஸ் கடைசியில் விழுந்து விழுந்து, கோட்டைத் தவழ்ந்து தொட்டார். 29 விநாடி முன்னால் கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப்போய்விட்டார். இன்றைக்கு உலக ட்ரையத்லான் விதிப்படி தவழவே கூடாது. 1978-ல் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்த முதல் அயர்ன்மேனில், இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு உதவிக்குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீர் கொடுத்தார்கள். எது செல்லும், எது செல்லாது என்ற கோடு நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் படகைப் பிடித்து நிற்கலாம் என்பதை மட்டும் தயவுசெய்து நகர்த்த வேண்டாம், ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு போட்டியில் ஒருவர் என் கயாக்கின் முனையைப் பிடித்தார். உதடு நீலம். போட்டி எண்ணைக் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. "ஸாரி, ஸாரி" என்றார். எதற்கு ஸாரி? ஒன்றரை நிமிடம் இருந்திருப்பார். விரல் நகம் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. அப்புறம் தன் எண்ணைத் தானே சொன்னார். மிதவையைப் பார்த்தார், போய்விட்டார். அவர் முடித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முந்தைய 300 மீட்டர், எங்கள் மூன்று கயாக்குகளைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். பிடித்தால் அவமானம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எல்லைக்கல்: பதக்கத்தைப் பற்றித்தான் கேட்டேன்.

பதில்: பதக்கம் தகரம். அடுத்த கேள்வி.

மேட்டுப்பாதை: ஆனால் வெட்சூட்டே ஒரு மிதவைதானே, அதைப் பற்றி எல்லைக்கல் என்ன சொல்கிறார்?

பதில்: நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

ஈரக்காலணி: சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் மரக்கட்டை. நீச்சலில் நொந்த நாளில் இது இரண்டு மடங்கு.

பதில்: கடைசி 2 கி.மீ. கியரைக் குறைத்து வேகமாகச் சுற்றுங்கள். ஓட்டத்தின் முதல் கி.மீ. குட்டி குட்டி அடிகள். நொந்த நாளில் முன்கூட்டியே முடிவு செய்து நடங்கள்: தண்ணீர் மேஜை வரும்போதெல்லாம் நடை, அது முடிந்ததும் ஓட்டம். முடியாதபோது நடப்பவர் பிறகு ஓடுவதே இல்லை. வாரம் ஒரு முறை சைக்கிள் முடிந்த கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகுங்கள்.

தாகம்: வாந்தி எடுத்ததால் பயந்துபோய், ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தேன். ஓட்டத்தின் முடிவில் விரல் வீங்கி மோதிரம் இறுகியது, தலைவலி.

பதில்: அது தாகத்தின் அறிகுறி இல்லை, தண்ணீர் கூடிப்போனதன் அறிகுறியாக இருக்கலாம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். 2002 பாஸ்டன் மராத்தானில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகம் எடுத்தால் குடியுங்கள், மேஜை வந்ததற்காகக் குடிக்காதீர்கள். தலைவலியோடு குழப்பம், வாந்தி சேர்ந்தால் உடனே மருத்துவக் கூடாரம்.

புதுத்துடுப்பு: முதல் 200 மீட்டரில் மூச்சு...

பதில்: முதல் பதில். வெளியே ஊதுங்கள்.

கடைசிவரிசை: நீச்சல் கட்டாஃபுக்கு (முடித்தாக வேண்டிய கடைசி நேரம்) இரண்டு நிமிடம் முன்னால்தான் கரையேறினேன். அந்தப் பதற்றத்தில் ஹெல்மெட் பக்கிள் போடாமல் சைக்கிளை எடுத்து, தண்டனை வாங்கினேன்.

பதில்: முதலில் பக்கிள், அப்புறம்தான் சைக்கிளில் கை. கரையேறும் முன் கடைசி 50 மீட்டர் காலை நன்றாக உதையுங்கள், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது குறையும். நீங்கள் இரண்டு நிமிடம் பாக்கி வைத்து வந்தவர். அதைச் சைக்கிளில் தேடாதீர்கள், இரண்டாவது முறை சொல்கிறேன்.

நீர்க்கோழி: அக்கா, ஐந்து வாரத்தில் இன்னொரு போட்டி. பதிவு செய்யலாமா?

பதில்: வாந்தி, மூச்சு மட்டும்தான் என்றால், நுரை இல்லை என்றால், செய்யுங்கள். ஆனால் இந்த ஐந்து வாரத்தில் குளத்தில் இன்னும் நீளம் நீந்துவதால் ஒன்றும் ஆகாது, நீச்சல் உங்களுக்கு ஏற்கெனவே வருகிறது. கடலிலோ ஏரியிலோ, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, தொடக்கத்தை மட்டும் பழகுங்கள்: இறங்கி 100 மீட்டர், மல்லாந்து படுத்து பத்து மூச்சு, திரும்பி வந்து வெளியே நின்று, மறுபடி இறங்கி. ஒரு நாளில் ஐந்து முறை. தனியாகப் போகாதீர்கள். இரண்டு முறை கயாக்கைப் பிடித்தீர்கள் அல்லவா, மூன்றாவது முறை பிடிக்க வேண்டியிருந்தாலும் பிடியுங்கள்.

பனிமூட்டம்: நீச்சல் கண்ணாடி உள்ளே ஆவி படிந்து மூடிக்கொள்கிறது.

பதில்: எச்சில். தேய்த்து, லேசாக அலசிவிட்டுப் போடுங்கள். காலையில் எனக்கே நீச்சல் இருக்கிறது, போகிறேன். எல்லைக்கல்லும் மேட்டுப்பாதையும் விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள்.