‘வெறும்’ என்று ஒரு சொல்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பது வருடம் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்த அப்பா புரட்டாசியில் தவறிவிட்டார். ஐப்பசியில் ஒரு நாள் அவருடைய சாமான்களையும், அவர் எழுதிவைத்திருந்த மழைக்கணக்கு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு தம்பியின் பைக்கில் குப்பனூர் வழியாக இறங்கினேன். மணி நாலரை இருக்கும். எதிரே பள்ளத்தில் மழை, அதில் பெரிய வானவில். வளைவில் திரும்பினால் மறையும், மறுபடி கிழக்கே பார்த்தால் வந்து நிற்கும். கடைசிவரை கூடவே வந்தது. அப்பா வழியனுப்ப வருகிறார் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் மனது கொஞ்சம் லேசானது. வீட்டில் சொன்னால் சித்தி மகன், “அக்கா, அது வெறும் ஒளிவிலகல்” என்கிறான். வானவில்லில் நம்பிக்கை வைப்பது முட்டாள்தனமா? (வாசகி, அயோத்தியாப்பட்டணம்)

பதில்: இல்லை அம்மா. முட்டாள்தனம் இல்லவே இல்லை.

இனி உங்கள் சித்தி மகனிடம் பேசுகிறேன். தம்பி, ஒளிவிலகல் என்று நீங்கள் சொன்னது சரி. அதற்கு முன்னால் ஒரு ‘வெறும்’ போட்டீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

இந்த ஒரு சொல் செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல. வெறும் சோறு என்கிறோம். உலை கொதிக்கக் காத்திருந்து, அரிசியைக் களைந்து போட்டு, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, கை சுடாமல் கஞ்சி வடித்து இறக்கிய சோறு அது. அதில் வெறுமையாக என்ன இருக்கிறது? வெறும் தண்ணீர் என்கிறோம். மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த சேலத்துப் பெண்கள் யாரும் அதை வெறும் தண்ணீர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வெறும் காய்ச்சல்தானே என்பார்கள், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. ‘ஏற்காடா? அது வெறும் ஏழைகளின் ஊட்டிதானே’ என்றும் சொல்வார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காக இந்தப் பக்கத்தில் நான் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். இன்னொரு தடவையும் போடுகிறேன். சேலத்து வெயிலிலிருந்து கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காப்பியும் மிளகும் சில்வர் ஓக் மரங்களுமாக ஒரு மலையூர் இருக்கிறது. இன்னும் மேலே போனால் குகைக்குள் சேர்வராயன் சாமி இருக்கிறார், வைகாசி வந்தால் மலைக்கிராமங்கள் எல்லாம் அவர் வாசலில் கூடுகின்றன. இந்த ஊரைச் சொல்ல இன்னொரு ஊரின் பெயர் எதற்கு? இடையில் ஏழைகள் எதற்கு? ஒரே வாயில் மலையையும் மனிதரையும் தாழ்த்திப் பேச நமக்குக் கிடைத்த சொற்றொடர் அது. ‘வெறும் ஒளிவிலகல்’ அதன் உடன்பிறப்பு.

சரி, ஒளிவிலகலுக்கு வருகிறேன். அதை முழுதாகச் சொல்லிப் பார்ப்போம், அப்புறம் அது வெறுமையானதா என்று சித்தி மகனே சொல்லட்டும். மழைத்துளிக்குள் நுழையும்போது வெளிச்சம் வளைகிறது, துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது, வெளியே வரும்போது மறுபடி வளைந்து நிறங்களாகப் பிரிகிறது. சிவப்பு சுமார் 42 டிகிரி கோணத்தில் கண்ணுக்கு வருகிறது, ஊதா சுமார் 40ல். கோணம் ஏன் அங்கே வந்து நிற்கிறது என்று 1637ல் டெக்கார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த 42தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சூரியன் அதைவிட உயரத்தில் இருந்தால் சமவெளியில் நிற்பவருக்கு வில்லே தெரியாது, அதனால்தான் உச்சிவெயிலில் யாரும் வானவில் பார்ப்பதில்லை. அம்மா, நீங்கள் இறங்கிய ஐப்பசி நாளில் நாலரை மணிக்குச் சூரியன் மேற்கே சுமார் 20 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்படியென்றால் வில்லின் உச்சி கிழக்கே 22 டிகிரியில் நின்றிருக்கும். சமவெளியில் தரை வெட்டிவிடும் பாகமும், மலைச்சாலையில் பள்ளத்துக்குள் மழை பெய்தால், உங்கள் காலுக்குக் கீழே வரை இறங்கித் தெரியும். நல்ல இடத்தில் நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். சூரியன், உங்கள் தலை, அந்த வில்லின் நடுப்புள்ளி மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். உங்கள் தலையின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கம்தான் நடுப்புள்ளி. வண்டி ஓட்டிய தம்பிக்கு நிறத்தை அனுப்பிய துளிகள் வேறு, பின்னால் இருந்த உங்களுக்கு அனுப்பியவை வேறு. நீங்கள் பார்த்த வில்லை உலகத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. விழுகிற துளி ஓர் இடத்தில் நிற்பதில்லை, ஒன்று விலகியதும் அடுத்தது அந்த இடத்துக்கு வந்து அதே நிறத்தைக் காட்டுகிறது. நீங்கள் நகர்ந்தால் நடுப்புள்ளியும் உங்களோடு நகர்கிறது. அது கூடவே வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, இயற்பியலும் அதையேதான் சொல்கிறது.

நிறம் ஏழு என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. ஏழையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர்கள் இதைச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். வில்லில் நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே கோடு கிடையாது. நியூட்டன் முதலில் ஐந்து நிறம் என்றார். பிறகு சங்கீதத்தின் ஏழு சுரங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார். நியூட்டனே அதற்குள் சங்கீதத்தைத் தேடியிருக்கும்போது நீங்கள் அப்பாவைத் தேடினால் யார் என்ன சொல்ல முடியும்?

அப்பாதான் அனுப்பினார் என்று நான் எழுத மாட்டேன், உங்கள் துக்கத்தோடு அப்படி விளையாட எனக்கு மனம் வராது. ஆனால் வானத்தைப் பார்த்து மனது எழுவதும் விழுவதும் இந்த மாவட்டத்தில் பிழைப்போடு சேர்ந்த விஷயம். நான் வளர்ந்தது ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் பக்கத்தில். சிமென்ட் களம் முழுக்க ஈர ஜவ்வரிசி பரப்பிக் கிடக்கும். மேற்கே கருத்தால் களத்துப் பெண்கள் முகம் கருத்துவிடும், தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தூறல் ஓய்ந்து கிழக்கே வளைவு தெரிந்ததும், “வில் போட்டிருச்சு, வெயில் வந்திருச்சு” என்று ஒருத்தி கத்துவாள். வெயில் இல்லாமல் வில் இல்லை, அவளுக்கு அது தெரியும். நாளைக்குக் காய்ந்துவிடும், கூலி உண்டு. அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அதே வில்லை உங்கள் அப்பா மேலேயிருந்து பங்குனியில் பார்த்திருந்தால் கவலைப்பட்டிருப்பார். காப்பிக்காரர்கள் அப்போது பூ மழைக்குக் காத்திருப்பார்கள். ஒரு இஞ்ச் போல நின்று பெய்தால் ஒன்பது பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணக்கும். வெறும்... இல்லை, அந்தச் சொல் வேண்டாம். போதாத தூறலாகப் போட்டுவிட்டு வெயில் அடித்தால் மொட்டு கெட்டுப்போகும், அந்த வருடக் காய்ப்பும் போச்சு. முப்பது வருடம் அந்த மழைக்காக மேலே பார்த்தபடி நின்ற மனிதரின் மகள் நீங்கள். அவர் போன பிறகு நீங்கள் மழையைப் பார்க்கும்போது அவர் நினைவு வராமல் வேறு யார் நினைவு வரும்?

அப்பாவின் அந்த மழைக்கணக்கு நோட்டுகளை ஒரு நாள் உங்கள் தம்பியோடு உட்கார்ந்து புரட்டுங்கள். எஸ்டேட்களில் மழையை இஞ்சிலும் சென்ட்டிலும் எழுதுவது வழக்கம், ஒரு இஞ்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். அப்பாவின் எழுத்து நின்றுபோன பக்கத்துக்கு அடுத்த வரியில் அந்த ஐப்பசித் தேதியைப் போடுங்கள். குப்பனூர் சாலை, மாலை நாலரை, கிழக்கே வில் என்று எழுதுங்கள். அன்றைக்கு மேலே எத்தனை சென்ட் பெய்தது என்று எஸ்டேட்டில் கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு அஞ்சலட்டையில் தெரிவியுங்கள்.