பணம் கைவிட்டுப் போகும் இடம்: கொள்முதல் கேள்வி பதில்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 22 ஆண்டுகள் கொள்முதல் வேலை பார்த்தவன் நான். பினாங்கு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, எங்கள் மருத்துவ நிலையத்தில் மாதக் கடைசியில்தான் செலவு எகிறியது தெரிகிறது. மின்கொள்முதல் (கோரிக்கை முதல் பணம் கட்டுவது வரை மென்பொருள் வழியே நடப்பது) வந்தால் இது மாறுமா? (ஜார்ஜ்டவுன், கணக்காளர்)

மாறும். இன்வாய்ஸ் உங்கள் மேசைக்கு வரும்போது பொருள் வந்து பாதி தீர்ந்தும் போயிருக்கும். அப்போது யாரைப் பிடித்து நிறுத்துவீர்கள்? ஆர்டர் கொடுத்த நிமிடமே பணம் போய்விட்டது, அம்மா. நல்ல மென்பொருள் அந்த நிமிடத்தில்தான் குறுக்கே நிற்கும். ஊழியர் கோரிக்கை எழுதும்போதே அந்தப் பிரிவின் ஒதுக்கீட்டில் மீதி எவ்வளவு என்று பார்க்கும். ஒப்புதல் கிடைத்ததும் அந்தத் தொகையைத் தனியே ஒதுக்கிவைத்துவிடும். 10,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஒதுக்கீட்டில் 7,000 வெள்ளிக்கு ஆர்டர் போயிருந்தால், ஒரு சென் கட்டாவிட்டாலும் மீதி 3,000 என்றே காட்டும். விற்பவர் எத்தனை வசதிகளைக் காட்டினாலும், இது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு முறை பணம் கட்டிவிட்டோம். (பட்டர்வொர்த், உணவுத் தயாரிப்பு)

கொள்முதல் ஆணை, சரக்கு பெற்றதற்கான பதிவு, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் நகர வேண்டும். 100 பெட்டி கேட்டு, 92 வந்து, 100க்குப் பில் வந்தால் அது அங்கேயே நிற்கும். அதே எண்ணுள்ள இன்வாய்ஸ் மறுபடி வந்தாலும் நிற்கும்.

ஆனால் பெட்டியை எண்ண வேண்டியவர் மனிதர். நான் இருந்த ஒரு தொழிற்சாலையில், லாரி வந்ததுமே எண்ணாமல் 'முழுவதும் வந்தது' என்று பதிவு செய்வார்கள். திரையில் எல்லாம் சரி. கிடங்கில் பெட்டி குறைந்தது. பழி முழுவதும் சப்ளையர் தலையில் விழுந்தது. அது அநியாயம் என்று அன்றே சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது இன்னும் உறுத்துகிறது.

மின்-இன்வாய்ஸ் இருக்கிறதே அண்ணா, அது போதாதா? (லெபோ பாசார், ஜவுளிக்கடை)

போதாது, தம்பி. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1இல் கட்டாயமாகத் தொடங்கிய ஏற்பாடு அது. விற்பனை நடந்ததை உள்நாட்டு வருமான வரி வாரியம் சரிபார்க்கிறது, அவ்வளவுதான். அந்தத் துணி உங்களுக்குத் தேவையா, விலை நியாயமா என்று அது கேட்காது. ஆனால் ஓர் அருமையான வாய்ப்பு அதில் இருக்கிறது: சரிபார்க்கப்பட்டதிலிருந்து 72 மணி நேரத்திற்குள், தவறான இன்வாய்ஸை நிராகரிக்கும்படி வாங்குபவர் கேட்கலாம். உங்கள் ஆர்டர் கணினியில் இருந்தால் அன்றே ஒப்பிட்டுவிடலாம். கோப்பில் தேடினால் மூன்று நாளும் தேடுவதிலேயே போகும்.

5,000 வெள்ளிக்கு மேல் இயக்குநர் ஒப்புதல் வேண்டும். மேலாளர் 4,900 வெள்ளியாக இரண்டு ஆர்டர் போடுகிறார். (பிறை)

ஒரே சப்ளையருக்கு ஒரே வாரத்தில் போனவற்றைக் கூட்டிப் பார்க்கும்படி விதியை மாற்றுங்கள். உடனே செய்யுங்கள்.

அரசுக்குப் பொருள் விற்க எங்கே பதிவு செய்வது?

நிதி அமைச்சின் இ-பெரோலேஹான் தளத்தில்.

எங்கள் கோயில் குழுவுக்குத் தைப்பூசக் கொள்முதலுக்கு மென்பொருள் வேண்டுமா?

வேண்டாம். எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு கணினி அட்டவணை போதும். கேட்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர், பணம் கட்டுபவர் ஒருவர் என்று மட்டும் பிரித்துவிடுங்கள். பக்தர்கள் போட்ட பணம். மூன்று கடைகளில் விலை கேட்காமல் ஒரு மூட்டை அரிசிகூட வாங்காதீர்கள். பூவின் விலை நாளுக்கு நாள் மாறும், அதை விட்டுவிடலாம். சிதறு தேங்காய்க்கு மட்டும் நவம்பரிலேயே விலை பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். தைப்பூச வாரத்தில் போய் நின்றால் சொல்கிற விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.