ஊசி குத்தியதால் பரவியதா?

கேள்வி: வாப்பாவுக்கு 63 வயது, கைத்தறி நெசவாளர். நுரையீரலில் 3 செ.மீ. கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்துச் சில நாட்களின் பின் எடுத்த ஸ்கேனில், நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் புற்றுநோய் தெரிகிறது. ஊசி பட்டுத்தான் பரவியது என்கிறார்கள் உறவினர்கள். சம்மதித்துக் கையொப்பமிட்டது நான். இப்போது இரண்டு தடவை பக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றியபின் விரல் நுனிகள் மரத்திருக்கின்றன.
- வாசகி, மருதமுனை

பதில்: உங்கள் கையொப்பத்தால் எதுவும் பரவவில்லை, மகள். ஊசி போன தடத்தில் புற்றுக் கலங்கள் தங்குவது மிக அரிது. நடு நெஞ்சின் கணுக்களில் ஸ்கேனுக்குத் தெரியுமளவு நோய் வளர்வது சில நாட்களில் நடக்கிற காரியமும் அன்று. ஊசிக்கு முன்பே அது அங்கே போயிருக்க வேண்டும், தன் காலாலேயே.

ஆம், புற்றுக் கலம் நடக்கும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நூல்களாலான ஒரு சட்டகம் உண்டு. பாடப்புத்தகம் அதைக் குழியவன்கூடு என்கிறது. அதில் மெல்லியவை அக்ரின் இழைகள், சுமார் 7 நனோமீற்றர் தடிப்பு. உங்கள் வீட்டுத் தறியில் பாவு நூல் கட்டியபடியே இருக்கும். கலமோ முன்விளிம்பில் இழையைக் கட்டிக்கொண்டே பின்னால் அவிழ்த்துவிடும். முன்விளிம்பு நீள, மயோசின் புரதம் பின்பகுதியைச் சுருக்கி இழுக்கும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கலங்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பவை. புற்றாக மாறியவற்றில் சில அந்தப் பிடியை விடும். அதே சட்டகத்தில், நிலைத்து நிற்கும் கலத்துக்குரிய கெரற்றின் இழை குறைந்து, நடமாடும் கலத்துக்குரிய விமென்ரின் இழை பெருகும். பிறகு அக்ரினால் சிறு முளைகளை நீட்டி, அவற்றின் நுனியில் நொதியங்களைக் கசியவிட்டு, அடியிலுள்ள சவ்வைக் கரைத்து நுழையும். 3 செ.மீ. கட்டியானாலும் அது பரவ இந்த வாசல் போதும்.

பக்லிடாக்செல் தாக்குவதும் இதே சட்டகத்தைத்தான்; ஆனால் அதன் வேறு பகுதியை. சுமார் 25 நனோமீற்றர் தடித்த நுண்குழாய்களை அவிழவிடாமல் அது இறுக்கிவிடும். இரண்டாகப் பிரிய வேண்டிய கலம் பாதிவழியில் நின்றுவிடும். நரம்புக்குள் சரக்குப் போக்குவரத்து ஓடும் தண்டவாளமும் அதே நுண்குழாய்கள் என்பதுதான் தொல்லை. அதனால் நீண்ட நரம்புகளின் முனைகள், அதாவது கால்விரலும் கைவிரலும், முதலில் மரக்கின்றன.

இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அடுத்த மருந்துக்கு முன்பே புற்றுநோய் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அவர் தீர்மானிப்பார். அதுவரை சூடான தேநீர்க் குவளையை வெறும் விரலால் பிடிக்க வேண்டாம், செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கவும் வேண்டாம். "கொஞ்சம் மரப்பு" என்று சொன்னால் வைத்தியருக்கு அளவு தெரியாது. அறுந்த பாவு நூலை வாப்பாவால் முன்போல முடிய முடிகிறதா, எத்தனை தடவை நழுவுகிறது என்று பார்த்து, அதைச் சொல்லுங்கள்.