முப்பது நெல், முப்பது குணம்

கேள்வி: ஐயா, பாரம்பரிய நெல் ரகங்கள் முப்பது. சிவப்பரிசி, வெள்ளம் தாங்கும், சாயாது என்று குணங்கள் முப்பது. கட்டம் போட்டு டிக் அடித்திருக்கிறேன். எந்தெந்த ரகங்களுக்கு எந்தெந்தக் குணங்கள் பொது என்று எல்லாத் தொகுதிகளையும் எடுக்க, பையன் ஒரு புரோகிராம் எழுதித் தந்தான். இருபது குணத்துக்கு ஒரு நிமிஷம். முப்பதுக்கு ராத்திரி முழுக்க ஓடியும் முடியவில்லை. லேப்டாப்பை மாற்றவா? மிகப் பெரிய தொகுதி எது என்பதையாவது கண்டுபிடிக்கலாமா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: காசை லேப்டாப்பில் போடாதீர்கள். நீங்கள் சொன்ன நேரமே பையனைக் காட்டிக்கொடுக்கிறது. குணங்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாமோ அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறான். இருபதுக்கு 10,48,576 சேர்க்கை. முப்பதுக்கு 107 கோடிக்கு மேல். அதாவது 1,024 மடங்கு. உங்கள் ஒரு நிமிஷம் பதினேழு மணி நேரமாகிறது.

இதில் பெரும்பாலும் வீண் வேலை. காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் சிவப்பரிசி, நெட்டை, நெடுநாள் பயிர். பூங்காரும் குள்ளக்காரும் சிவப்பரிசி, குறுகிய நாள். குணங்கள் இப்படிச் சேர்ந்தே வருவதால் பல சேர்க்கைகள் ஒரே தொகுதியில்தான், அதாவது அதே ரகங்களும் அவற்றுக்குப் பொதுவான எல்லாக் குணங்களும் சேர்ந்த கூட்டத்தில்தான், போய் முடியும்.

ஜெர்மனியில் ரூடால்ஃப் வில்லே 1982-இல் தொடங்கிவைத்த துறை இது. பெயர் ஃபார்மல் கான்செப்ட் அனாலிசிஸ். ஒரு தொகுதியிலிருந்து அடுத்த தொகுதிக்கு நேராகத் தாவும் வழியை பெர்ன்ஹார்ட் கான்டர் 1984-இல் கொடுத்தார். 'நெக்ஸ்ட் குளோஷர்' என்று தேடச் சொல்லுங்கள். இரண்டு தொகுதிகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரம் அட்டவணையின் அளவோடு மிதமாகத்தான் கூடும்.

அப்படியும் முடியாவிட்டால், தொகுதிகளே அத்தனை இருக்கின்றன என்று அர்த்தம். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரே ஒரு குணம் குறைந்து, அதுவும் ரகத்துக்கு ரகம் வேறாக இருந்தால், 107 கோடிச் சேர்க்கையும் தனித்தனித் தொகுதிதான். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் போட்டுப் பாருங்கள், எட்டு வரும். எத்தனை வரும் என்று முன்கூட்டியே எண்ணிச் சொல்லச் சுலப வழி ஏதும் தெரியாது. அது ஷார்ப்-பி முழுமை, அதாவது எண்ணிச் சொல்லும் கணக்குகளில் மிகக் கடினமான வகை, என்று குஸ்னெட்சோவ் என்ற ஆய்வாளர் நிறுவினார். நிஜ நெல் அவ்வளவு படுத்தாது. ஆனால் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் 'இருக்கும்' என்று டிக் போட்டிருந்தால் படுத்தும்!

ரகங்களின் எண்ணிக்கையைக் குணங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் அதிகம் வருவதைத்தானே மிகப் பெரியது என்கிறீர்கள்? அது என்.பி. முழுமைக் கணக்கு, அதாவது எப்போதும் வேகமாக விடை தரும் வழி இதுவரை யாருக்கும் தெரியாத வகை; 2003-இல் பீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் நிரூபித்தது. பெரிய அட்டவணைக்கு அது தலைவலி. உங்களுடையதற்கு, கான்டர் வழியில் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டே, கண்டதில் பெரியதை மட்டும் குறித்துவைக்கச் சொன்னால் போதும்.