அந்தக் கொப்பியைப் பறிக்காதீர்கள், தங்கச்சி

"மகள் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற வயதில் போனைப் பிடித்துக்கொண்டு கோமாளித்தனம் பண்ணுகிறாள், ஊர் சிரிக்குது, அவள் வசனம் எழுதுகிற கொப்பியைப் பறிக்கப்போகிறேன்" என்று சொல்லிக் கண் கலங்கினீர்கள். நீங்கள் காட்டிய வீடியோவை இரவு மூன்று தரம் பார்த்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் மீன் விலை பேசுகிற அம்மம்மாவும் அவள்தான், மீன்காரரும் அவள்தான். விலை படியாமல் அம்மம்மா இரண்டடி நடந்து, திரும்பக் கூப்பிடுவாரா என்று காதை மட்டும் பின்னால் கொடுத்தபடி நிற்கிறாரே, அந்த இடத்தில் வசனமே இல்லை. கொப்பியில் அதற்கு ஐந்து வசனம் எழுதி, ஐந்தையும் வெட்டியிருக்கிறாள். எதை வெட்ட வேண்டும் என்று 17 வயதில் தெரிவது சின்ன விசயமில்லை.

நடிப்பு மட்டும் என்றால் நானும் உங்களைப் போலவே பயந்திருப்பேன். யாராவது கூப்பிட்டால்தான் வேலை, கூப்பிட்டாலும் பெரும்பாலும் கதாநாயகனிடம் பேச்சு வாங்கும் வேடம். எழுதவும் தெரிந்த பிள்ளைக்குக் கதை வேறு. அமெரிக்காவில் மின்டி கேலிங் என்று எழுதவும் நடிக்கவும் செய்கிற ஒருவர் இருக்கிறார். தகப்பன் தமிழர், குடும்பப் பெயர் சொக்கலிங்கம். 2002இல் தோழியோடு சேர்ந்து ஒரு நாடகம் எழுதி, அதிலிருந்த இரண்டு ஆண் வேடங்களையும் இருவருமே நடித்தார்கள். பிறகு 24 வயதில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் எழுத்துக்குழுவில் எட்டுப் பேருக்குள் ஒரே பெண். 2012இல் தானே உருவாக்கி, எழுதி, நடித்த தொடர் தொடங்கியது. 2020இல் அவர் இணைந்து உருவாக்கிய இன்னொரு தொடரில் நாயகியாக நடித்தவர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து கனடாவில் வளர்ந்த பிள்ளை. அடுத்தவளுக்கும் கதவு திறந்தது அவர் எழுதியதால்தான்.

நம்முடைய கூத்துக்களரியில் ராசாவும் ஆம்பிளை, ராணியும் ஆம்பிளையாக இருந்த காலம் உங்களுக்கே தெரியும். இன்று அதே மட்டக்களப்பில் பெண்பிள்ளைகள் கூத்து ஆடுகிறார்கள். ஊர் பழகிக்கொள்ளும், தங்கச்சி.

சரி, படிப்பு. ஏ.எல்.லை விடவே கூடாது, அதில் நான் உங்கள் பக்கம். கலைப்பிரிவில் நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கிறாள், நல்லது. கல்லடியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நாடகத்தில் பட்டம் எடுக்க வீட்டை விட்டுத் தூரம் போகத் தேவையில்லை.

காசைப் பற்றிக் கேட்டீர்கள். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும், ஒரு வருடத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் ஒரு வழி. 18 வயதுக்கு முன் அந்த விளம்பரப் பணத்தை வாங்கும் கணக்கை அவள் பெயரில் திறக்க முடியாது, உங்கள் பெயரில் இருக்கட்டும். அந்த வருமானத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். எடிட்டிங்கை ஒழுங்காகப் பழகினால் கல்யாண வீடியோவில் இருந்து கடை விளம்பரம் வரைக்கும் இங்கேயே வேலை கிடைக்கும். "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது வந்தால், கதையின் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அவளிடம் நீங்களே சொல்லுங்கள்: பக்கத்து வீட்டு ஆளை அடையாளம் தெரிகிற மாதிரி நடித்துப் போட வேண்டாம். அம்மம்மாவிடம்கூடக் கேட்டுவிட்டுப் போடட்டும்.

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாங்க. கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள், வெட்டின அந்த ஐந்து வசனத்தையும் அவளோடு இருந்து வாசிக்க ஆசை.