"இவையெல்லாவற்றிலேயும்" என்ற சொல்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சும் இன்னும் தெளிவாக வரவில்லை. கடையை மூடிவிட்டோம். வீட்டு ஜெபத்திற்கு வருகிற ஒரு சகோதரர், "விசுவாசம் இருந்தால் இதற்குள் எழுந்து நடந்திருப்பார்; வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது" என்று எல்லோர் முன்பாகவும் சொன்னார். அன்று முதல் "முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்கள்" என்ற வசனத்தைக் கேட்டாலே மனம் கசக்கிறது. தேவன் சகலத்தையும் ஆளுகிறார் என்றால் இதையும் அவர்தான் செய்தாரா?
– ஒரு சகோதரி, நாசரேத் அருகில்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்தச் சகோதரர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். வேதாகமத்தில், பெருந்துன்பத்தில் கிடந்த யோபுவைப் பார்த்து அவன் நண்பர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அவர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கர்த்தர் சொன்னதாக அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, அவன் செய்த பாவமுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு பதிலளித்தார். ஆகவே, அந்தக் குற்றச்சாட்டை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

உங்களுக்குக் கசந்துபோன வசனம் ரோமர் 8:37: "இவையெல்லாவற்றிலேயும் நாம் நம்மில் அன்புகூருகிறவராலே முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோமே." அது தனியாக நிற்கும் வசனமன்று. அதற்கு முந்தின வசனத்தில், இந்த நிருபத்தை எழுதிய பவுல், "உமதுநிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம்" என்று 44ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்து எழுதுகிறார். அந்தச் சங்கீதத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். அது குற்றம் செய்தவர்களின் பாவ அறிக்கை அன்று. "இவையெல்லாம் எங்கள்மேல் வந்திருந்தும், உம்மை நாங்கள் மறக்கவும் இல்லை" என்று துணிந்து சொல்லும் ஜனங்கள், "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று தேவனையே கேட்கிறார்கள். நம் சபைகளில் இன்று ஒருவர் இப்படி ஜெபித்தால் பக்கத்திலிருப்பவர் கண்ணைத் திறந்து பார்ப்பார். பவுலோ அந்தப் புலம்பலை மறைக்காமல் அதன் அருகிலேயே ஜெயத்தைக் குறித்து எழுதுகிறார். அவர் எழுதியது "இவையெல்லாவற்றிலேயும்" என்பதுதான். "இவையெல்லாவற்றிலிருந்தும் தப்பி" என்று நாமாகவே அதை மாற்றிப் படித்துப் பழகிவிட்டோம். உபத்திரவம், வியாகுலம், பசி, நாசமோசம், பட்டயம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, இவற்றின் நடுவிலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு எதுவும் நம்மைப் பிரிக்காது என்பதையே அவர் ஜெயம் என்கிறார்.

எபிரெயர் 11ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். 34ஆம் வசனத்தில் சிலர் "பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்". மூன்று வசனம் தள்ளி வேறு சிலர் "பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள்". இரு சாராரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றே அந்த அதிகாரம் முடிகிறது. தப்பினவர்களுக்கு விசுவாசம் அதிகம், மரித்தவர்களுக்குக் குறைவு என்று ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

உங்கள் ஊருக்கு வெகு தூரமில்லாத டோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. 1951 ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே வேதனையோடு கிடந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தெடுத்த அந்த அம்மையாருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லத் துணிவார்? அந்த அறையிலிருந்து அவர் பல நூல்களை எழுதினார். ஆனால் அதைச் சொல்லி, உங்கள் கணவரும் ஏதாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்ற புதிய சுமையை நான் வைக்கப்போவதில்லை. அவர் ஒன்றும் எழுதாமல் படுத்திருந்தாலும் தேவனுடைய பிள்ளைதான்.

"இதையும் அவர்தான் செய்தாரா?" என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓர் அடைக்கலான் குருவிகூட பிதாவின் சித்தமில்லாமல் தரையிலே விழாது என்று இயேசு சொல்லியிருக்க, உங்கள் வீட்டில் நடந்தது அவர் கைக்கு அப்பாற்பட்டது என்று என்னால் எழுத முடியாது. அதே இயேசு, லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். சர்வவல்லவரின் ஆளுகை என்பது, நம் துன்பத்தை அவர் ரசிக்கிறார் என்று பொருள்படாது. யோசேப்பு தன் சகோதரரிடம், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்; தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று சொன்னதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அவன் 17 வயதில் அந்தச் சகோதரரால் குழியில் போடப்பட்டு, விற்கப்பட்டான். 30 வயதில் பார்வோனுக்கு முன் நின்றான். இந்த வார்த்தையைச் சொன்னதோ தகப்பன் மரித்த பின்பு, கணக்கிட்டால் ஏறக்குறைய 56 வயதில். குழியில் கிடந்த நாளில் அவனிடம் இந்த வசனத்தை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே உங்களிடம் அதை எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்?

மருத்துவத்தை விட்டுவிடாதீர்கள். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அவிசுவாசத்தின் அடையாளங்கள் அல்ல. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அந்த வீட்டு ஜெபத்திற்குச் சில வாரங்கள் போகாமல் இருப்பதில் தவறில்லை. சேகர குருவானவரிடம் நடந்ததைச் சொல்லி, உங்கள் கணவருக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கும்படி கேளுங்கள். கணவரின் கட்டிலருகே அமர்ந்து 44ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அவருக்கு வருகிற அளவில் அவரும் சொல்லட்டும். அதன் கடைசி வசனத்தில் பதில் எதுவும் இல்லை. "எங்களுக்கு ஒத்தாசையாக எழுந்தருளும்" என்ற விண்ணப்பம் மட்டுமே இருக்கிறது. நீங்களும் இப்போதைக்கு அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.